கத்தி பட்டால் பரவுமா?

சென்ற ஐப்பசி மாதத்தில், அடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், நமது நண்பர் ஒருவருடைய வீட்டிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது. நண்பர் என்றால் சாதாரண நண்பர் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து, ஒரே பிரம்பினால் நம்முடன் அடி வாங்கியவர். குடையையும் மீறி நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் ஒரு சிறிய மகாநாடே நடந்துகொண்டிருந்தது. நண்பர் சாய்வு நாற்காலியில் மௌனமாக இருந்தார். அவருடைய தமக்கையார் ஒரு பக்கம். புதல்வன் மற்றொரு பக்கம். நடுவே மேஜையின் மேல், பெரிய உறை ஒன்றில் ஸ்கான் படங்கள் கிடந்தன.

விஷயம் இதுதான்: நண்பருடைய கல்லீரலில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழத்தை விடச் சற்றுச் சிறியது. புற்றுநோய்தான் என்று வைத்தியர்கள் தீர்மானித்துவிட்டார்கள். எனினும் ஒரே கட்டி. ஈரலின் ஓரத்தில் இருக்கிறது. பெரிய ரத்தக் குழாய்களைப் பற்றவில்லை. ஈரலின் மற்றப் பகுதியும் வேலை செய்யக்கூடிய நிலைமையில் இருக்கிறது. ஆகவே, "சஸ்திர சிகிச்சை செய்து எடுத்துவிடலாம்; தாமதம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, நீயே சொல்லு" என்று தமக்கையார் நம்மைப் பார்த்து ஆரம்பித்தார். "புற்றிலே கத்தி பட்டால் பரவிவிடும் என்று உனக்குத் தெரியாதா? சும்மா கிடக்கிறதைப் போய்க் கிளறுவானேன்?"

"அத்தை, இதெல்லாம் மூட நம்பிக்கை" என்றான் இஞ்சினீயர் உத்தியோகம் பார்க்கும் புதல்வன்.

"மூட நம்பிக்கையா? எங்கள் தெருவிலே கண்ணால் பார்த்தது அப்பா! ஆப்பரேஷன் ஆயிற்று, எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தாயிற்று என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டார். பதினாலாவது மாதம் திரும்பி வந்துவிட்டதே! கத்தி படாமலிருந்தால் வந்திருக்குமா?"

இரு கட்சியாரும் நம்முடைய தீர்ப்பை எதிர்பார்த்தார்கள். நாம் வைத்தியர் அல்ல, வெறும் பத்திரிகைக்காரர். ஆகவே இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு திரும்பினோம். விஷயம் அறிந்த வைத்தியர்களை அணுகினோம். அவர்கள் காட்டிய கட்டுரைகளைப் படித்தோம். இந்த வழக்கு அந்த ஒரு வீட்டு வழக்கு மாத்திரம் அல்ல. 2022-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டது. சுமார் 7 லட்சத்து 58 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். நேயர்களின் இல்லங்களிலும் இதே வாதம் என்றைக்காவது எழக்கூடும். ஆகையால், நண்பரின் அனுமதி பெற்று, நாம் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அம்மாளின் கட்சியில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அவர் கண்டது பொய்யல்ல. கல்லீரல் புற்றைச் சஸ்திர சிகிச்சையால் முழுவதும் எடுத்த பிறகும், ஐந்து வருஷத்திற்குள் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் அது திரும்பி வருகிறது. வைத்திய சங்கங்களே தங்கள் நூல்களில் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது. ரண வைத்தியர் கண்ணுக்குத் தெரிந்தது அனைத்தையும் எடுத்திருப்பார். வெட்டிய ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோயின் சுவடு இல்லை என்றும் நிச்சயம் செய்திருப்பார்கள். அப்படியும் திரும்புகிறது. ஆனால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றால், காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று ஆகிவிடுமா? கத்தி பட்டது, நோய் திரும்பியது. இரண்டுக்கும் நடுவே உள்ள சம்பந்தத்தை அல்லவா ஆராய வேண்டும்?

கல்லீரல் என்பது ரத்தத்தில் மிதக்கும் தீவு என்று சொன்னால் மிகையாகாது. மற்ற அவயவங்களில் பெரும்பாலானவற்றுக்கு ரத்தம் கொண்டு வருவது தமனி ஒன்றே. ஈரலுக்கோ இரண்டு வாய்க்கால்கள்: தமனி ஒன்று; குடலிலிருந்து உணவின் சாரத்தைச் சுமந்து வரும் பெரிய சிரை மற்றொன்று. இரண்டும் சேர்ந்து நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தத்தை ஈரலில் கொட்டுகின்றன. அது வடிந்து, ஈரல் சிரைகளின் வழியே இருதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. இவ்வளவு பெரிய வெள்ளத்தின் கரையிலே ஒரு விஷச்செடி முளைத்தால், அதன் விதைகள் வெள்ளத்தில் விழாமல் இருக்குமா?

இந்தச் சந்தேகம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1869-ம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த தாமஸ் ஆஷ்வொர்த் என்னும் வைத்தியர், பல கட்டிகளுடன் புற்றுநோயால் இறந்துபோன ஒரு மனிதரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதிலே ரத்தத்துக்குச் சொந்தமில்லாத சில உயிரணுக்கள் காணப்பட்டன. அவை அந்த மனிதரின் கட்டிகளில் இருந்த உயிரணுக்களையே அச்சாக ஒத்திருந்தன. ஓர் உடம்பில் பல கட்டிகள் எப்படித் தோன்றுகின்றன என்ற கேள்விக்கு இது விடை காட்டக்கூடும் என்று அவர் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பின் அருமை உலகத்துக்குத் தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இருபது ஆண்டுகள் கழித்து, 1889-ல், லண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்னும் ரண வைத்தியர் வேறொரு வழியில் போனார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 ஸ்திரீகளைப் பற்றிய குறிப்புக்களை அவர் சேகரித்துப் பார்த்தார். அவர்களில் 241 பேருக்கு நோய் ஈரலில் பரவியிருந்தது. மண்ணீரலில் பரவியிருந்ததோ 17 பேருக்கு மாத்திரமே. மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. அப்படியிருக்க, ஏன் இந்தப் பாரபட்சம்? செடி விதைகளை நாலா பக்கமும் வீசலாம். ஆனால் ஏற்ற நிலத்தில் விழுந்த விதையே முளைக்கும் என்று பாஜெட் பதில் சொன்னார். விதையும் நிலமும் என்ற இந்தச் சித்தாந்தம்தான் இன்று வரையில் இத்துறையின் ஆதாரமாக இருந்து வருகிறது.

விதைகளில் பெரும்பாலானவை வீணாகின்றன என்பதும் பின்னால் தெரிந்தது. 1970-ல் அமெரிக்காவில் ஐசையா ஃபிட்லர் என்னும் விஞ்ஞானி, கதிரியக்க அடையாளமிட்ட புற்று உயிரணுக்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்தி, அவற்றின் கதியைப் பின்தொடர்ந்து பார்த்தார். ஒரே நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. ரத்த ஓட்டத்தின் வேகம் சிலவற்றைச் சிதைத்துவிடும். உடம்பின் காவல் படைகள் சிலவற்றைக் கொன்றுவிடும். தப்பிப் பிழைத்துக் குடியேறிக் கட்டியானவை மிகச் சொற்பம். உடம்பு ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் அந்தச் சொற்பமே மனிதனை மாய்க்கப் போதும் என்பதுதான் துக்கம்.

சரி, ரத்தத்தில் உலாவும் இந்த விதைகளைப் பிடித்து எண்ண முடியுமா? அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் வெள்ளை அணுக்கள் வேறு. பரிசோதனைக்கு எடுப்பது ஏழரை மில்லிலிட்டர். அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. அந்த மூவாயிரத்து எழுநூறு கோடிக்குள்ளே புற்று உயிரணு இரண்டோ, மூன்றோ இருக்கலாம். களஞ்சியம் களஞ்சியமாக நெல்லைக் குவித்து, அதில் இரண்டு பதரைத் தேடச் சொன்னால் எப்படியிருக்கும்?

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பல புற்று உயிரணுக்களின் மேல்தோலில் 'எப்காம்' என்னும் ஒரு புரதம் இருக்கிறது. ரத்த அணுக்களில் அது கிடையாது. அந்தப் புரதத்தை மாத்திரம் பற்றிக்கொள்ளும் பொருளை மிக நுண்ணிய இரும்புத் துகள்களின் மேல் பூசி ரத்தத்தில் கலக்கிறார்கள். துகள்கள் புற்று உயிரணுக்களில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தால், திருடனைக் குடுமியைப் பிடித்து இழுப்பது போல அவை வெளியே வந்துவிடுகின்றன. 'செல்சர்ச்' என்ற இந்த யந்திரத்தை 2004-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம், பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதிப்பதற்காக அங்கீகரித்தது. ஏழரை மில்லிலிட்டரில் ஐந்தும் அதற்கு மேலும் அகப்பட்டால், அந்த நோயாளியின் நிலைமை கவலைக்கிடமானது என்று கண்டார்கள்.

கல்லீரல் புற்றுக்கு இந்தக் கணக்கு என்ன சொல்லுகிறது? இங்கேதான் நமது வழக்கின் முக்கியமான சாட்சி வருகிறது. சீன தேசத்தில் ஷாங்காய் நகரிலுள்ள ஃபூடான் சர்வகலாசாலையைச் சேர்ந்த சோங்ஷான் ஆஸ்பத்திரி, ஈரல் ரண சிகிச்சைக்குப் பேர்போனது. அங்கே சஸ்திர சிகிச்சைக்கு வந்த 123 பேரின் ரத்தத்தை இந்த யந்திரத்தைக் கொண்டு சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கத்தி படுவதற்கு முன்னாலேயே மூன்றில் இரண்டு பங்கு பேரின் ரத்தத்தில் புற்று உயிரணுக்கள் உலாவிக்கொண்டிருந்தன! ஏழரை மில்லிலிட்டருக்கு இரண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. சிகிச்சையான ஒரு மாதத்துக்குப் பின் மறுபடி சோதித்தபோது என்ன கண்டார்கள்? விதைகள் பெருகவில்லை, குறைந்திருந்தன. பூத்துக் காய்த்து விதை சிந்திக்கொண்டிருந்த செடியைப் பிடுங்கி எறிந்த பிறகு, வாய்க்காலில் விதை குறைவது இயல்புதானே?

ஆகவே, கத்திதான் விதைத்தது என்ற குற்றச்சாட்டில் பெரும் பகுதி அடிபட்டுப் போகிறது. முற்றிலும் அடிபட்டுப் போகிறது என்று சொல்லமாட்டோம். நியாயம் பேச உட்கார்ந்த பிறகு ஒரு கட்சியின் சாட்சியத்தை மறைப்பது தர்மம் அல்ல. கட்டியை ஊசியால் குத்தித் துணுக்கு எடுத்துப் பார்ப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு, ஊசி போன வழியில் நோய் முளைத்ததுண்டு. ஈரல் சுருங்கிக் கெட்டுப்போனவர்களுக்கு ஸ்கான் படத்திலேயே நோய் சந்தேகமறத் தெரியும்போது, ஊசி குத்தாமலே சிகிச்சைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே போல, பெரிய கட்டியை அங்குமிங்கும் புரட்டிப் பிசைந்தால் உயிரணுக்கள் குழாய்களுக்குள் பிதுங்கும் என்ற பயம் ரண வைத்தியர்களுக்கே உண்டு. ஹாங்காங்கில் குயீன் மேரி ஆஸ்பத்திரியில், ஐந்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளுடன் வந்த 120 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு வழக்கம் போல ஈரலை முதலில் புரட்டிவிட்டு வெட்டினார்கள். மற்றவர்களுக்குப் புரட்டாமலே ரத்தக் குழாய்களைக் கட்டி, முன்பக்கத்திலிருந்து வெட்டிய பின்னரே எடுத்தார்கள். 2006-ல் வெளியான முடிவின்படி, இரண்டாவது முறையில் பெருத்த ரத்தச் சேதம் குறைந்தது; உயிர் வாழ்ந்த காலமும் நீண்டது. ஆனால் நோய் திரும்பாமலிருந்த காலத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கை லாகவத்துக்குப் பலன் உண்டு. ஆனால் கதை முழுவதும் கையில் இல்லை.

அப்படியானால் எல்லாரும் ரத்தத்தைச் சோதித்து விதைகளை எண்ணிவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். நண்பரின் புதல்வனும் இதையே கேட்டான். எந்த ஊரில் சோதிக்கிறார்கள், என்ன செலவாகும் என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டான். அவனுக்கு நாம் மூன்று விஷயங்களைச் சொன்னோம்.

முதலாவது: விதைகள் மாறுவேஷம் போடுகின்றன. ஷாங்காய்க்காரர்களே 2018-ல் 73 நோயாளிகளிடம், உடம்பின் ஐந்து இடங்களிலுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டியை விட்டுப் புறப்படும் ஈரல் சிரையில் புற்று உயிரணுக்கள் ஏராளம்; கைச் சிரைக்கு வருவதற்குள் அவை மிகவும் குறைந்துவிடுகின்றன. அதோடு, புறப்படும்போது ஈரல் கட்டியின் சாயலோடு இருந்தவை, வழியிலேயே தங்கள் உருவத்தையும் குணத்தையும் மாற்றிக்கொண்டு, நகர்ந்து புகுவதற்கு ஏற்ற வேறு வேஷம் பூணுகின்றன. பழைய அடையாளத்தை வைத்துத் தேடும் காந்தத்துக்கு அவை அகப்படுவதில்லை. மேலும் கல்லீரல் புற்று உயிரணுக்களில் பலவற்றுக்கு 'எப்காம்' அடையாளம் ஆதியிலிருந்தே கிடையாது. ஆகையால், கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது.

இரண்டாவது: சில தனியாகப் போவதில்லை, கூட்டமாகப் போகின்றன. 2014-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றை வைத்து எலிகளிடம் செய்த ஆராய்ச்சியில், ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லும் உயிரணுக் கூட்டங்கள், தனி உயிரணுக்களைவிட 23 முதல் 50 மடங்கு வரையில் வலிமையுடன் புதிய கட்டிகளைத் தோற்றுவிப்பதாகக் கண்டார்கள். ஆகவே வெறும் எண்ணிக்கை போதாது. எப்படிப்பட்டவை என்பதும் தெரிய வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆபத்தை அறிவது வேறு. அதை விலக்குவது வேறு. மார்பகப் புற்று பரவிய ஸ்திரீகளில், ஒரு சுற்று மருந்துக்குப் பிறகும் ரத்தத்தில் விதை குறையாத 123 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: மாற்றியதால் ஆயுள் நீளவில்லை. கல்லீரலிலோ, சஸ்திர சிகிச்சைக்குப் பின் மீதி விதைகளை அழிப்பதற்கென்று 'ஸோராஃபெனிப்' என்ற மருந்தை 1114 பேரிடம் பரீட்சை செய்து, பலனில்லை என்று 2015-ல் அறிவித்தார்கள். உடம்பின் காவல் படையைத் தட்டி எழுப்பும் புதிய மருந்து ஒன்றையும், கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்து 668 பேரிடம் பரீட்சித்தபோது, 2023-ல் நம்பிக்கை தரும் செய்தி வந்தது. அடுத்த ஆண்டிலேயே, நாள் செல்லச் செல்ல அந்த நன்மை நிலைக்கவில்லை என்று தெரிந்தது. இப்படித் தோல்வியையும் ஒளிக்காமல் சொல்வதுதான் சாஸ்திரத்தின் பெருமை. ஆனால் இதன் பொருள் என்ன? எண்ணிக்கை தெரிந்தால் அதைக் கொண்டு இன்னது செய்யலாம் என்று கல்லீரல் விஷயத்தில் இன்னும் ஸ்தாபிக்கப்படவில்லை. ஆகையால், ஆராய்ச்சிக்காகக் கேட்டால் ரத்தம் கொடுப்பது பரோபகாரம். ஆனால் "ரத்தத்தைக் கொடுங்கள், எதிர்காலத்தைச் சொல்லுகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் வீட்டை அடகு வைத்துப் பணம் கொட்டுவது விவேகம் அல்ல.

இதுவரையில் விதையைப் பற்றிப் பேசினோம். நிலத்தை மறந்துவிடக் கூடாது. ஏனெனில், நம்மால் இன்றே சீர்திருத்தக்கூடியது அதுதான்.

திரும்பி வரும் நோயெல்லாம் பழைய நோய் அல்ல. சிகிச்சையான இரண்டு வருஷத்துக்குள் வருவது பெரும்பாலும் முதல் கட்டி சிந்திய விதைகளிலிருந்து முளைத்தது. அதற்கு மேல் வருவதில் பல, கெட்டுப்போன ஈரலிலே புதிதாகத் தோன்றிய வேறு கட்டிகள். டோக்கியோவில் 249 நோயாளிகளைக் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தப் பாகுபாட்டைத் தெளிவுபடுத்தியது. நிலத்தைக் கெடுப்பவை எவை? ஹெபடைடிஸ் 'பி', 'சி' என்னும் இரண்டு வைரஸ் கிருமிகள், மதுபானம், நீரிழிவோடும் ஸ்தூல சரீரத்தோடும் சேர்ந்து வரும் ஈரல் கொழுப்பு; இவையே முக்கியமானவை. தைவானில் 'பி' கிருமியோடு கல்லீரல் புற்றும் கண்டு சஸ்திர சிகிச்சை பெற்ற சுமார் 4500 பேரின் சரித்திரத்தைப் பார்த்து 2012-ல் எழுதினார்கள்: அந்தக் கிருமிக்கு மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியது, சாப்பிடாதவர்களுக்குத் திரும்பியதில் ஏறக்குறையப் பாதிதான். நமது நண்பருக்கும் அந்தக் கிருமிதான். இத்தனை வருஷமாக இருந்தது அவருக்கே தெரியாது.

"கீழாநெல்லி கொடுக்கலாமே?" என்று தமக்கையார் இடையில் கேட்டார். நியாயமான கேள்வி, நமது சென்னையிலேயே அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. எஸ். பி. தியாகராஜன் முதலிய சென்னை ஆராய்ச்சியாளர்கள், 'பி' கிருமியின் அடையாளத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த பரீட்சைகளில் அதே பலன் கிட்டவில்லை. நம் நாட்டு மூலிகையை நாமே பரீட்சைக்கு நிறுத்தியது நமக்குப் பெருமை. பரீட்சையின் முடிவை ஏற்றுக்கொள்வது அதனினும் பெருமை. இன்று கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை நம்புவது நண்பருக்கு அபாயம் என்று சொன்னோம். அம்மாள் மறுக்கவில்லை.

அதே சமயத்தில் வீட்டிலுள்ள மற்றவர்களையும் கவனிக்கச் சொன்னோம். 'பி' கிருமி ரத்தத்தின் மூலமும், தாயிடமிருந்து குழந்தைக்கும், கணவன் மனைவியரிடையேயும் தொற்றுவது. வீட்டார் எல்லாரும் ஒரு முறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்வதும், கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் அவசியம். தைவானில் 1984-ல் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் சிறுவர்களிடையே கல்லீரல் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் தேசத்திலும் 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு இந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. விதை விழுவதற்கு முன் நிலத்தைக் காப்பாற்றும் காரியம் இது.

இவ்வளவையும் அம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று நமக்குக் கவலையாக இருந்தது. அவர் தஞ்சை ஜில்லாவில் வயலும் வரப்புமாக வாழ்ந்தவர். ஆகவே இப்படிக் கேட்டோம்: "அக்கா, களை எடுத்த வயலில் மறுபடி களை முளைத்தால், மண்வெட்டிதான் விதைத்தது என்று சொல்வீர்களா?"

"அதெப்படி? பிடுங்குகிறதற்கு முன்னாலேயே விதை உதிர்ந்து கிடந்திருக்கும்" என்றார்.

"இதுவும் அப்படித்தான், அக்கா."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு மருமகனைப் பார்த்து, "அப்படியானால் பூக்கிறதற்கு முன்னே பிடுங்க வேண்டாமா? இன்னும் எதற்காக உட்கார்ந்துகொண்டிருக்கிறாய்?" என்றார். தீர்ப்பை நாம் சொல்லவில்லை; அவரே சொல்லிவிட்டார்.

வாசல் வரையில் வழியனுப்ப வந்த நண்பர், அப்போதுதான் வாயைத் திறந்தார். "திரும்பி வருமா?" என்று கேட்டார்.

வராது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. வந்தே தீரும் என்று சொல்வதும் உண்மையல்ல. "வரலாம், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது. ஆனால் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், மறுபடி வெட்டியோ, சுட்டுப் பொசுக்கியோ எடுக்கலாம். சிலருக்கு ஈரலையே மாற்றி வைக்கலாம். வந்தால் முடிந்தது என்பதில்லை. அதனால்தான் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தையும் ஸ்கானையும் பார்க்கச் சொல்கிறார்கள்" என்றோம்.

"எடுத்தாயிற்று, எடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பாமல், இப்படிச் சொன்னால் போதும்" என்றார் நண்பர்.

கார்த்திகை மாதத்தில் சிகிச்சை நடந்தேறியது. ரண வைத்தியர் வெளியே வந்து கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று என்று சொன்னபோது, "கட்டியை எடுத்தாயிற்று, விதையை எப்போது பார்ப்பீர்கள்?" என்று தமக்கையார் கேட்டாராம். வைத்தியர் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னாராம். மாசியில் ஒரு பரிசோதனை ஆயிற்று, வைகாசியில் மற்றொன்று. இரண்டிலும் படம் சுத்தமாக இருந்தது. சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், ஆவணி மாதத்து ஏட்டிலே ஒரு தேதியைச் சுற்றிக் குங்குமத்தால் வட்டம் போட்டிருந்தது. யார் போட்டது என்று நாம் கேட்கவில்லை.